கணக்கெழுதுகிறவன் கண்ணை மூடினால்

காரைக்குடியில் ஒருவர் தியானம் பழகுகிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது "ஏன், வீட்ல ஏதும் பிரச்சினையா?" அடுத்தது, "எந்தச் சாமியாருகிட்ட?" இரண்டுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை யாரும் நாலு பேர் முன்னால் கேட்பதில்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் வாட்ஸப்பில் கேட்பார்கள்: "அதுல நெஜமாவே ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. விளம்பரங்களில் சொல்கிற அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

என் தொழில் கணக்கெழுதுவது. செக்காலைப் பக்கம் சின்ன அலுவலகம். மாதம் 11ஆம் தேதி ஒரு ஜிஎஸ்டி படிவம், 20ஆம் தேதி இன்னொன்று, ஜூலை பிறந்தால் வருமான வரி என்று வருஷம் முழுக்கத் தேதிகளுக்குப் பயந்தே பிழைப்பு ஓடுகிறது. இந்தத் தொழிலில் நாம் படுத்தாலும் கணக்கு படுக்காது; நடுராத்திரியில் ஏதோ ஒரு கடைக்காரரின் பில் நம்பர் வந்து தலைமாட்டில் நிற்கும். சில வருஷங்களாகக் காலையில் பத்து, பதினைந்து நிமிஷம் உட்காருகிறேன். ஞானம் ஒன்றும் வரவில்லை. முன்னைவிடக் குறைவாகக் கத்துகிறேன், படுத்தால் சீக்கிரம் தூக்கம் வருகிறது, சாப்பிட்டு எழுந்தால் என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இருக்கிறது. பிரஷர் மாத்திரை பழைய மாத்திரைதான், டாக்டர் அதில் கை வைக்கவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிடுவதற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரிகிறது. கண்ணை மூடியதும் மனசு வெறுமையாகிவிட வேண்டும், அதுதான் தியானம் என்று யாரோ அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். மூடிப் பார்க்கிறார்கள், வெறுமைக்குப் பதிலாகச் சந்தைக்கடை. சரி, நமக்கு இது ஒத்துவராது என்று எழுந்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கே செய்ய வேண்டிய வேலை மிகச் சின்னது. மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கவனம் எங்கோ போய்விடும். போய்விட்டது என்று தெரிந்ததும் திட்டாமல் திரும்ப மூச்சுக்கு வர வேண்டும். போவதும் திரும்புவதும்தான் பயிற்சியே. பத்து நிமிஷத்தில் முப்பது தடவை போய் முப்பது தடவை திரும்பியவர் நன்றாகத்தான் செய்திருக்கிறார்.

என்னுடைய ஒரு பத்து நிமிஷம் எப்படிப் போகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். பட்டாலையில் சுவர் ஓரமாக, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு உட்காருகிறேன். தரையின் குளிர்ச்சி கணுக்காலில் ஏறுகிறது. மூச்சு உள்ளே, மூச்சு வெளியே, ஒன்று. உள்ளே, வெளியே, இரண்டு. மூன்று எண்ணுவதற்குள், நேற்று சாயங்காலம் ஒருத்தர் "பாத்துக்கலாம்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாரே, அந்தப் 'பாத்துக்கலாம்' பீஸ் தருவேன் என்றா, தரமாட்டேன் என்றா என்று ஒரு விசாரணை தொடங்கிவிடுகிறது. அவர் என்ன சொல்வார், நான் என்ன சொல்வேன், அதற்கு அவர் என்ன சொல்வார் என்று வழக்கு நடந்து தீர்ப்பு நெருங்கும் நேரத்தில்தான் நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த ஆள் என்பது ஞாபகம் வருகிறது. சரி, திரும்ப ஒன்று. முற்றத்துத் தகரத்தில் புறா நடக்கிற சத்தம். இரண்டு. இடது முழங்கால் வலி. மூன்று. நாலு. ஐந்து வரை வந்துவிட்டோமே என்று ஒரு பெருமை, அந்தப் பெருமையிலேயே ஆறு போச்சு. இப்படித்தான் முழுக்க. எழுந்திருக்கும்போது பெரிய ஆனந்தம் எதுவும் கிடையாது. சில நாள் எரிச்சலோடுகூட எழுந்திருக்கிறேன்.

அப்புறம் எதற்கு இது என்றால், அந்த 'ஞாபகம் வருகிறது' என்ற இடம் இருக்கிறதே, அதற்காகத்தான். சாதாரணமாக நமக்கு அது வருவதில்லை. 2010ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கில்லிங்ஸ்வர்த், கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2,250 பேரின் போனில் நேரங்காலம் இல்லாமல் கேள்வி அனுப்பிக் கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனசு அதில் இருக்கிறதா, சந்தோஷமாக இருக்கிறீர்களா? கேட்ட நேரத்தில் சுமார் 47 சதவீதம் மனசு வேறெங்கோ இருந்தது. ஓடின மனசு இனிமையான விஷயத்தை நினைத்துக்கொண்டிருந்தால்கூட, செய்கிற வேலையில் இருந்த மனசைவிட அதிக சந்தோஷமாக இல்லை. விழித்திருக்கும் வாழ்க்கையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கடையில் பாதிச் சரக்குக்குக் கணக்கு இல்லை என்றால் நான் அந்தக் கடைக்காரரைச் சும்மா விடமாட்டேன்.

மூச்சை ஏன் பிடித்துக்கொள்கிறோம் என்பதற்கு உடம்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது, இதை யாரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இடது மணிக்கட்டில் வலது கை விரல் இரண்டை வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை மெதுவாக இழுத்து, இன்னும் மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது சற்று நிதானமாகும். இளவயதுக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும், வயசு ஏற ஏற வித்தியாசம் குறையும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்குகிற வேகஸ் என்ற நரம்பு, வெளிமூச்சின்போது இதயத்தை நிதானப்படுத்துகிறது. பதற்றமாக இருக்கிற ஆளிடம் "ஒரு பெருமூச்சு விடு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. இதயத் துடிப்பை நேராக அதட்டிக் குறைக்க நம்மால் முடியாது, மூச்சு வழியாக முடியும்.

ஆராய்ச்சி என்று எடுத்தால் ஆளாளுக்கு ஏதாவது சொல்கிறார்கள். நான் நம்புவது கொஞ்சம் கறாராகக் கணக்குப் பார்த்த ஒன்றை. 2014ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், 3,515 பேரை வைத்து நடந்த 47 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து எழுதியிருந்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி இந்த மூன்றிலும் தியானத்தால் மிதமான பலன் இருக்கிறது என்பது முடிவு. கூடவே, உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிடத் தியானம் மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். இந்த இரண்டாவது வரியை யாரும் பகிர்வதில்லை. எனக்கு அந்த வரியைப் படித்த பிறகுதான் முதல் வரி மேல் நம்பிக்கை வந்தது.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் இன்னொன்று சொல்வதுண்டு: "உங்களுக்கென்ன, ஊரே தியான மண்டபம் மாதிரி இருக்கு." கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஓட்டலாக்கியிருக்கிறார்களே, அங்கே இரண்டு நாள் தங்கி, முற்றத்துத் தூணில் சாய்ந்து போட்டோ எடுத்து, இந்த அமைதி எங்களுக்குக் கிடைக்கவில்லையே என்று பெருமூச்சு விட்டுப் போவார்கள். அமைதி உண்மைதான். தெரு நீளத்துக்கு வீடு, ஒரு பக்கம் முகப்பு, பின்கட்டு அடுத்த தெருவில், உள்ளே இரண்டே ஆள். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். கல்யாணம், சாந்தி, படைப்பு என்று ஏதாவது வந்தால் நூறு பேர் கூடுவார்கள், முடிந்ததும் அறைகளைப் பூட்டிவிட்டு அவரவர் பங்குச் சாவியோடு கிளம்பிவிடுவார்கள்.

அப்படி ஒரு வீட்டில் இருக்கிறார் எங்கள் எதிர்வீட்டு ஆச்சி. எழுபது தாண்டிவிட்டது. ஒருநாள் திண்ணையில் வைத்து, "தம்பி, நீங்க காலையில கண்ணை மூடி உக்காந்திருக்கீகளாமே, தூக்கம் வர அதுல ஏதும் வழி இருக்கா?" என்றார். பேசப் பேசத் தெரிந்தது, வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறதோ அவ்வளவுக்கு அவர் தலைக்குள் சத்தம். மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடவில்லையென்றால் திங்கள், செவ்வாய் இரண்டு ராத்திரியும் போய்விடும். கூப்பிட்டுவிட்டால், அவன் குரல் ஏன் ஒரு மாதிரி இருந்தது என்று அதற்கு ஒரு ராத்திரி. வெளியே சத்தம் குறைந்தால் உள்ளே தானாக அடங்கிவிடும் என்பது ஓட்டலில் இரண்டு நாள் தங்குகிறவர்களின் நினைப்பு. அங்கேயே வருஷக்கணக்கில் இருந்து பார்த்தால் தெரியும்.

ஆச்சிக்கு நான் சொன்னது, உட்காரக்கூட வேண்டாம், படுத்தபடியே கால் பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு இடமாக உச்சந்தலை வரை கவனத்தைக் கொண்டுபோங்கள் என்பதுதான். 1979ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பவர் தொடங்கிய எட்டு வார வகுப்பில் இது ஒரு முக்கியமான பயிற்சி. டாக்டர்கள் பார்த்தும் தீராத வலியோடு இருந்தவர்களுக்காகத் தொடங்கப்பட்ட வகுப்பு அது. அங்கே ஒற்றை உலர்திராட்சையை எடுத்துப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று சாப்பிடுகிற பயிற்சியும் உண்டு. நம் ஊரில் சீப்புச் சீடையை வைத்துச் செய்தால் ஆள் சேரும். ஒன்றோடு நிறுத்தச் சொன்னால்தான் சண்டை வரும்.

தியானம் வெளிநாட்டுச் சரக்கு என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. கோவிலூர் மடம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தமிழில் வேதாந்தம் பாடம் சொல்வதற்கென்றே பேர் பெற்ற இடம். ஆனால் எனக்குத் தியானத்தின் மேல் மதிப்பு வந்தது மடத்துச் சாமிகளைப் பார்த்து இல்லை, பர்மாக்காரக் கணக்கர் ஒருவரைப் பற்றிப் படித்து. ஊ பா கின் என்று பேர். 1899ல் ரங்கூனில் பிறந்து, அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து மேலே வந்தவர். 1937ல் தியானம் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்த சயா தெட்ஜி துறவிகூட இல்லை, விவசாயி. 1948 ஜனவரி 4ஆம் தேதி பர்மா சுதந்திரம் அடைந்தபோது அந்த நாட்டின் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். தன் ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தார், 1952ல் ரங்கூனிலேயே ஒரு மையமும் தொடங்கினார். மண்டலையில் பிறந்த கோயங்கா என்ற இந்திய வியாபாரி, தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955ல் இவரிடம் வந்து சேர்ந்து, 1969ல் இந்தியாவுக்கு வந்து, விபாசனா என்கிற இந்தத் தியான முறைக்கு வகுப்புகளைத் தொடங்கினார். இன்று இந்தியா முழுக்க நடக்கிற பத்து நாள் விபாசனா முகாம்கள் அப்படி வந்தவை.

அதே ரங்கூனில், மொகல் தெருவில், இந்தப் பக்கத்துச் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். என் தாத்தா இங்கே ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளை. பர்மாக் கடையின் ஐந்தொகை அவர் கைக்குத்தான் வரும் என்று அப்பா சொல்வார். பர்மாவிலிருந்து தேக்கு வந்தது, அரக்குப் பெட்டி வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஆட்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள். 1948ல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்ததோடு அங்கே போட்டது பெரும்பாலும் போச்சு. அந்த ஊர்க் கணக்கர் ஒருவர் ஆபீஸ் அறையில் சொல்லிக்கொடுத்த விஷயம் மட்டும் ராஜஸ்தான் வழி வந்த ஒரு மார்வாடி குடும்பத்துக்காரர் மூலமாகச் சுற்றி வந்து நமக்குக் கிடைத்திருக்கிறது. லெட்ஜரும் வட்டியும் வசூலுமாக இருந்த மனுஷனால் முடிந்திருக்கிறது என்பதே எனக்குப் போதுமான சிபாரிசு.

கணக்குத் தொழிலில் இருந்துதான் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றாடம் குறிப்பில் எழுதி, அன்றைக்கே பேரேட்டில் ஏற்றுகிற கடைக்காரருக்குப் பங்குனி மாதம் பயம் கிடையாது. பில்லையெல்லாம் மஞ்சள் பையில் திணித்து மார்ச் 31ஆம் தேதி என் மேஜையில் கவிழ்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் தியானம் செய்கிறேன் என்பவர்கள் இந்த மஞ்சள் பை கோஷ்டி. தினமும் பத்து நிமிஷம் போதும், அதுவும் முடியவில்லையென்றால் ஐந்து.

செய்முறை என்று பெரிதாக இல்லை. காலையில் போனைத் தொடுவதற்கு முன்னால் செய்துவிடுங்கள். தொட்டபின் உட்கார்ந்தால் மூச்சுக்குப் பதில் குடும்பக் குரூப்தான் ஓடும். போனிலேயே அலாரம் வைக்கிறேன் என்பவர்கள் முந்தின ராத்திரியே வைத்து, கவிழ்த்துப் போட்டுவிடுங்கள். சம்மணம் போட முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம், பாதம் தரையில் படிய வேண்டும், முதுகு நிமிர்ந்திருந்தால் போதும், விறைப்பு வேண்டாம். பத்மாசனம் போட்டால்தான் தியானம் என்று முழங்காலைக் கெடுத்துக்கொண்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். மூக்கு நுனியில் காற்று படுகிற இடமோ, வயிறு ஏறி இறங்குவதோ, எது சுலபமாகத் தெரிகிறதோ அது. பத்து வரை எண்ணிவிட்டுத் திரும்ப ஒன்று. தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து தரையைப் பாருங்கள். இட்லி சாப்பிட்டுவிட்டு உட்காராதீர்கள், அதற்குப் பேர் வேறு. மார்கழியில் கோவில் ஸ்பீக்கர் காலை ஐந்து மணிக்கே பாடும். பாடட்டும், அது நின்றபின் உட்காரலாம் என்று காத்திருந்தால் தை பிறந்துவிடும்.

பலன் உட்காருகிற நேரத்தில் தெரியாது என்று சொன்னேன் இல்லையா, எங்கே தெரியும் என்பதற்கு ஒன்று. போன வருஷம் 20ஆம் தேதி சாயங்காலம், ஆபீஸே தீப்பிடித்த மாதிரி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு வாடிக்கையாளர் நோட்டீஸும் கையுமாக வந்து வாசலிலேயே ஆரம்பித்தார். எல்லாம் என்னால்தானாம், காசு வாங்கத் தெரிகிறதாம், வேலை செய்யத் தெரியவில்லையாம். பையன்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். என் வாயில் பதில் தயாராக இருந்தது, மூன்று மாதமாக அவர் எனக்கு பில் தராதது தேதிவாரியாக நுனிநாக்கில் நின்றது. காது மடல் சுடுவது தெரிந்தது. 'சுடுகிறது' என்று தெரிந்தது பாருங்கள், அதுதான் காலையில் பழகுகிற சாமான். கோபம் முழுசாக வந்தது, ஒரு கிராம்கூடக் குறையவில்லை, நாக்கு மட்டும் ஒரு மூச்சு தாமதமாகியது. அந்த ஒரு மூச்சில் "உக்காருங்கண்ணே, நோட்டீஸைக் காட்டுங்க" என்று சொல்ல முடிந்தது. வாங்கிப் பார்த்தால் அது நான் அவர் கணக்கை எடுப்பதற்கு முந்தின வருஷத்து நோட்டீஸ். அதைச் சொன்னதற்கு அப்புறமும் அவர் கத்தினார், அது வேறு. நான் தியானம் செய்தால் அவருக்கு எப்படிக் கோபம் குறையும்?

உட்காரவே முடியாது, உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்பவர்களும் உண்டு. அவர்கள் நடக்கலாம். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழநிக்குப் பாதயாத்திரை போகிறார்களே, குன்றக்குடியில் கூடிக் கிளம்புவார்கள், அதில் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் முழுக்க வீட்டுக் கவலை, இரண்டாம் நாள் கால் கொப்புளம், அப்புறம் அடுத்த அடியைத் தவிர வேறு நினைப்பே இருப்பதில்லை என்பார்கள். பழநி வரை போக வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, முற்றத்தைச் சுற்றி இருக்கிற வளவுக்குள்ளேயே தூணுக்குத் தூண் மெதுவாக நடந்து, குதிகால் படுவது, விரல் படுவது, தூக்குவது என்று பாதத்தைக் கவனித்தால் போதும். ஆச்சிக்கு இப்போது இதுதான் பிடித்திருக்கிறது. இத்தனை பெரிய வளவு எதுக்காவது உதவட்டும் என்கிறார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கடுமையான மனச்சோர்வு, பெரிய அதிர்ச்சிக்குப் பின் தூங்க முடியாத நிலை, இல்லாத குரல் கேட்பது மாதிரி இருப்பவர்கள் தனியாகக் கண்ணை மூடி நீண்ட நேரம் உட்காருவது நல்லதில்லை, சிலருக்கு அது நிலைமையை மோசமாக்கும். முதலில் மனநல மருத்துவர், அப்புறம் அவர் சொன்னால் இது. தியானம் செய்கிறேன் என்று சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்துகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

குரு வேண்டுமா என்று கேட்பார்கள். பத்து நிமிஷ மூச்சுக்கு வேண்டியதில்லை. கூட நாலு பேர் இருந்தால்தான் விடாமல் செய்வேன் என்பவர்கள் மனவளக்கலை மன்றத்துக்குப் போகலாம். வேதாத்திரி மகரிஷியின் முறை, உடற்பயிற்சியும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள், தமிழ்நாட்டில் அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கிறது. விபாசனாவின் பத்து நாள் முகாமுக்குக் கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். போனை வாங்கி வைத்துவிடுவார்கள், யாரோடும் பேசக்கூடாது, காலை நாலு மணிக்கு மணி அடிக்கும், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். நீச்சல் தெரியாதவர் நேராகக் கடலில் இறங்க வேண்டாம், முதலில் வீட்டில் ஒரு சில மாதம் பழகிவிட்டுப் போங்கள் என்பேன்.

இதை ஆச்சியிடம் சொன்னபோது, அவர் கேட்டது ஒன்றுதான். "பத்து நாளும் வாயே தொறக்கக் கூடாதா?"

"ஒன்பது நாள் ஆச்சி. பத்தாவது நாள் பேசலாம்."

"அப்ப எங்க வீட்டுக்காரவுக பேர எழுதிக்கங்க தம்பி. நான் வீட்டுலயே இருந்து பழகிக்கிறேன்."